ரோட்டில் நடந்தது அப்பாவின் தப்பா?

கடிதம் எழுதியவர் திருநெல்வேலி டவுனில் ரதவீதி ஒன்றில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். நாலு பக்கத்துக்கு எழுதியிருந்ததைச் சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 71 வயசு. ராத்திரி ஏழு மணிவாக்கில் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் போவார். பிளாட்பாரம் முழுக்கக் கடைச் சாமானும் பைக்கும் நிற்பதால் ரோட்டோரமாகப் போயிருக்கிறார். பின்னால் வந்த பைக் இடித்துக் கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டி வந்தவன் தெரிந்த வீட்டுப் பையன்தான். 'ரோட்டுல ஏன் நடந்தீங்க, பிளாட்பாரம் எதுக்குப் போட்டிருக்கு, நான் ஹார்ன் அடிச்சேன்லா' என்று அங்கேயே சண்டை போட்டிருக்கிறான். ஒரு ஆட்டோக்காரர்தான் அப்பாவைத் தூக்கி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் ஸ்டேஷனில் 'தெரிஞ்ச பையன்தானே, பேசி முடிச்சுக்கோங்க' என்றார்கள். பையனின் அம்மா பழத்தோடு வீட்டுக்கு வந்து அழுதார். 5,000 ரூபாய் தந்தார்கள். 'மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம்' என்று வெள்ளைத்தாளில் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஒரு மாசம் ஆகிறது, செலவு அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது, கை இன்னும் மடங்கவில்லை. ரோட்டில் நடந்தது அப்பாவின் தப்பா? இனி ஏதாவது செய்ய முடியுமா? இன்னொன்று, மறைக்காமல் சொல்கிறேன், என் கடை வாசலிலும் அண்டாவும் குடமும் பிளாட்பாரத்தில்தான் இருக்கின்றன. அது கேஸுக்கு இடைஞ்சல் ஆகுமா?"

அண்ணாச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா ரோட்டில் நடந்தது குற்றம் இல்லை. இன்னும் செய்ய நிறைய இருக்கிறது, ஆனால் ஒரு மாதத்தை நீங்கள் வீணாக்கிவிட்டீர்கள். அந்த அண்டா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அபராதம், தண்டனை எல்லாம் வண்டி ஓட்டுகிறவர், வண்டிச் சொந்தக்காரர் என்று அவர்கள் பக்கமே போகும். ரோட்டோரம் நடந்தவருக்கு இவ்வளவு ரூபாய் என்று போடும் பிரிவு அதில் கிடையாது. சும்மா விட்டுப்போனது இல்லை இது, வண்டியை இயக்குகிறவர்தான் ஆபத்தைக் கொண்டுவருகிறார், ஆகவே கவனமும் அவர் பொறுப்பு என்கிற கணக்கு. 2017-ல் மத்திய அரசு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விஷயத்தில் ஓட்டுநர் தனிக்கவனம் எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா நடப்பவர், முதியவர் என்று அந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறார்.

அதே ஒழுங்குமுறையில் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, நம்மூரில் லைசென்ஸ் எடுக்கும்போதுகூட யாரும் சொல்லித் தருவதில்லை. போலீஸ்காரர் நின்று ஒழுங்குபடுத்தாத, சிக்னலும் இல்லாத வரிக்கோட்டில் (ஜீப்ரா கிராஸிங்) ஒருவர் கடக்க நின்றால் வண்டிதான் வேகத்தைக் குறைத்து நின்று வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் இருந்து கோட்டைத் தாண்டிப் போக முடியாது என்று தெரிந்தால் வண்டியைக் கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. பிளாட்பாரத்தில் வண்டி ஓட்டக் கூடாது, நிறுத்தவும் கூடாது. வண்ணார்பேட்டையில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள், இவை ஒவ்வொன்றும் எப்படி மீறப்படுகின்றன என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். யாரும் மதிக்காததால் சட்டம் இல்லாமல் போய்விடாது. விபத்து என்று ஒன்று நடந்து கோர்ட்டுக்குப் போகும்போது இந்த வரிகள்தான் எடுபடும்.

இனி அந்தப் பையன் சொன்ன இரண்டு வாதங்கள். பிளாட்பாரம் இருந்தால் அதில் நடப்பதுதான் முறை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளாட்பாரம் என்று எதைச் சொல்கிறோம்? சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு நகரச் சாலைகளுக்குத் தந்த வழிகாட்டியில் நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், படியின் உயரம் 150 மில்லிமீட்டரை, அதாவது அரை அடியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. டவுனில் இந்த அளவுக்குச் சும்மா கிடக்கும் பிளாட்பாரத்தை யாராவது காட்டினால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு கடைக்கு முன்னால் ஏறி அடுத்த கடைக்கு முன்னால் இறங்கி, ஜெனரேட்டரைச் சுற்றி, டிரான்ஸ்பார்மர் வேலியைச் சுற்றி, 71 வயது மூட்டை வைத்துக்கொண்டு யார் நடப்பது? நடக்க முடியாத பிளாட்பாரம் சட்டத்தின் கண்ணில் இல்லாத பிளாட்பாரம்தான். அது இல்லாத இடத்தில் ரோட்டின் ஓரத்தில் நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே ஆள் நடப்பார் என்பது வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியும், அதுவும் சொந்தத் தெருப் பையனுக்கு நன்றாகவே தெரியும்.

ஹார்ன் விஷயம் அதைவிட மோசமான வாதம். ஹார்ன் அடித்தேன் என்று சொல்வது, முன்னால் ஆள் போவதைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்வதுதான். பார்த்தவன் ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அவன் அங்கே நின்று சண்டை போட்டதை யார் யார் கேட்டார்கள் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்வதும் வண்டி ஓட்டியவரின் கடமை, சட்டத்தின் 134-ஆவது பிரிவு. இங்கே அந்த வேலையை ஆட்டோக்காரர் செய்திருக்கிறார். அவரைத் தேடிப் பிடியுங்கள். "சாட்சின்னு சொன்னா கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலைய விட்டுருவாங்க" என்று பயப்படுவார். 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உதவி செய்தவருக்கென்றே வந்தது என்று சொல்லுங்கள். தூக்கிக் கொண்டுபோனதற்காக அவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தானாக முன்வந்து நடந்ததைச் சொன்னால் நமக்குப் பெரிய பலம். போய்க் கேட்கும்போது அன்றைய ஆட்டோ வாடகையையும் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வெள்ளைத்தாளைப் பற்றிப் பேசுவோம், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான். அடிபட்டவர் அப்பா, கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நஷ்டஈடு கேட்கும் உரிமை அவருடையது, மகன் எழுதிக் கொடுத்த தாளால் அது தானாக அழிந்துவிடாது. அவரே கையெழுத்துப் போட்டிருந்தால்கூட அதைத் தாண்டிப் போக வழி இருக்கிறது, இங்கே அந்தச் சிரமம் இல்லை. கண்மூடித்தனமாக ஓட்டியது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவில் வரும் குற்றம், இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளும் வகையில் அது சேராது. எலும்பு முறிந்தால் சட்டம் அதைக் கொடுங்காயம் என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு 125(பி). அந்த 5,000 ரூபாயை மறைக்காதீர்கள், வாங்கியதை வாங்கியதாகவே மனுவில் எழுதுங்கள், நஷ்டஈட்டில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்து எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே எடுத்தால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை, ஐகிரவுண்டில் அன்றிரவு போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அப்பாவைச் சேர்த்தபோது டாக்டர் கேட்டிருப்பார், எப்படி அடிபட்டது என்று. ஆட்டோக்காரர் 'பைக் இடிச்சிருச்சு' என்று சொல்லியிருந்தால் அது அங்கே தேதி, நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். யாராவது பெரிய மனது பண்ணி 'வழுக்கி விழுந்துட்டார்' என்று சொல்லியிருந்தால் நம் வேலை கஷ்டமாகிவிடும், இருந்தாலும் முடியாதது இல்லை. இந்த ஒரு வரிக்காகவே பல கேஸ்கள் ஜெயித்திருக்கின்றன, பல கேஸ்கள் தோற்றும் இருக்கின்றன. தெரிந்த பையன், ஏன் வம்பு என்று ஆஸ்பத்திரியில் கதையை மாற்றிச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் ரொம்ப உண்டு.

இரண்டாவது, அப்பாவின் பெயரில் புகார் மனு. நடந்த தேதி, நேரம், இடம், வண்டி நம்பர், ஒரு மாதம் தாமதமானதற்குக் காரணம் (சமாதானம் பேசினார்கள், நம்பினோம் என்று உள்ளது உள்ளபடி) எல்லாம் இருக்கட்டும். ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டால் மனு ரசீது கேளுங்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் காசில்லாமல் தர வேண்டும். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் திரும்பி வந்துவிடுங்கள். அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான் இருக்கிறது. அதிலும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் போலீஸுக்கு வேறு வேலைகள் வந்து சேரும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், விரிவான அறிக்கை 90 நாளுக்குள். அதையே தீர்ப்பாயம் நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், நாமும் தனியாக மனு போடுவோம். விபத்து நடந்த தேதியிலிருந்து 6 மாதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) சொல்கிறது. அந்தக் கெடுவைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஓடுகிறது, அந்த வம்புக்குள் நீங்கள் போக வேண்டாம், 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம், உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், பாளையங்கோட்டைக் கோர்ட்டு.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வழி இருக்கிறது. யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் என்பது 164-ஆவது பிரிவு. தப்பை நிரூபித்து, மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி, இனி வரப்போகும் சிகிச்சை என்று கணக்குப் போட்டுக் கேட்பது 166. அப்பா கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர் என்றால் அந்த வருமானத்தையும் காட்டலாம், 71 வயதுக்கு வருமானமா என்று யோசிக்க வேண்டாம். எந்த வழி லாபம் என்பதை பில்லையும் டாக்டர் சான்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். அறுபதாயிரத்துக்கும் பில் இருக்கிறதா? மெடிக்கல் ஷாப்பில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததெல்லாம் பில் ஆகாது.

பிளாட்பாரம் முழுக்கச் சாமான் நின்றதை எப்படிக் காட்டுவது? அதே ஏழு மணிக்கு, அதே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று. தெருவிளக்கு எரிகிறதா என்பதும் படத்தில் தெரிய வேண்டும். பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது, கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தால் செல்போனில் திரையைப் படம் பிடித்து வராதீர்கள். கருவியிலிருந்து நேராக நகல் எடுத்து, எடுத்தவரிடம் சான்றும் வாங்க வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு அதைக் கேட்கும்.

குறுக்கு விசாரணையில் உங்கள் அப்பாவிடம் என்ன கேட்பார்கள் என்று இப்போதே சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள். "பெரியவரே, உங்களுக்குக் கண்ணாடி உண்டா, அன்றைக்குப் போட்டிருந்தீர்களா? கையில் போன் இருந்ததா? ரோட்டின் எந்தப் பக்கமாக நடந்தீர்கள்? நடுவே வந்துவிட்டீர்களா, ஓரமாகவே போனீர்களா? ஹார்ன் சத்தம் கேட்டதா?" ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். கோர்ட்டில் ரொம்பப் பேசிக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அப்பா பக்கமும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பாயம் நினைத்தால் மொத்தத் தொகையில் ஒரு பங்கைக் கழிக்கும், வழக்கே போய்விடாது.

இனி அண்டாவும் குடமும். சட்டப்படி பார்த்தால் உங்கள் கடை வாசலில் இருக்கும் சாமான், நாலு கடை தள்ளி நடந்த விபத்துக்கான நஷ்டஈட்டைக் குறைக்காது. ஆனால் நான் எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் முதல் கேள்வியே உங்களிடம் இதுதான்: "உங்க கடைக்கு முன்னால நடக்கிறவங்க எங்க நடப்பாங்க?" நீங்கள் கூண்டில் நின்று முழிப்பீர்கள். கேஸுக்காக மட்டும் சொல்லவில்லை. பொது வழியை மறிப்பது நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் குற்றம், 5,000 ரூபாய் வரை அபராதம். மாநகராட்சி வந்து அள்ளிக்கொண்டு போனால் அது வேறு. உங்கள் அப்பாவை ரோட்டில் இறக்கியது மற்ற கடைக்காரர்களின் சாமான். உங்கள் சாமான் வேறு யாருடைய அப்பாவையோ தினமும் இறக்கிக்கொண்டிருக்கிறது. 'எல்லாரும் வைக்கான், நான் மட்டும் உள்ள வச்சா யாவாரம் ஓடாது' என்று சொல்வீர்கள். தெரியும், அந்த வரிசையில் எல்லாக் கடையிலும் இதே பதில்தான். அண்டாவை உள்ளே எடுங்கள், அப்புறம்தான் மாநகராட்சியில் மனுக் கொடுக்க வாய் வரும்.

மனுக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. பூக்கட்டி விற்கிற அம்மா, தை மாதம் பனங்கிழங்கு கொண்டுவந்து உட்காருகிறவர் இவர்களுக்கு 2014-ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, கணக்கெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும், இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். உள்ளே கடை வைத்துக்கொண்டு வெளியேயும் சாமானைப் பரப்புகிற நமக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ஆனால் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று லாரி வந்தால் முதலில் தூக்குவது பூக்கூடையைத்தான், கான்கிரீட் படிக்கட்டைக் கட்டி வைத்தவரை யாரும் தொடுவதில்லை. உங்கள் மனுவில் படிக்கட்டு, இரும்பு ரேக், நிரந்தரமாக நிற்கும் பைக் என்று தனித்தனியாக எழுதுங்கள், போட்டோ இணையுங்கள். 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டது: நடைபாதை நடப்பவர்களுக்கு, அதே நேரத்தில் யாரையும் முன்னறிவிப்பு இல்லாமல் தூக்கி எறியக் கூடாது.

மனு, டவுன் மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையருக்கு. அதன் நகல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100-லும் பதியலாம், புகார் எண் கிடைக்கும், அதை எழுதி வையுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தத் தெருவில் பிளாட்பாரத்தின் அகலம் வரைபடத்தில் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் ஆக்கிரமிப்பு அகற்றினீர்கள், என் மனு மேல் என்ன நடவடிக்கை. நீளமாகக் கேட்டால் நீளமாக மழுப்புவார்கள்.

இதற்கெல்லாம் இப்போது பின்னணியில் பலம் கூடியிருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன டாக்டர் போட்ட வழக்கு என்றால் நம்பலாம். அதில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அக்டோபரில், நடப்பவர்கள் தொடர்பான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ் மாநிலங்கள் 6 மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றது. மாநகராட்சி மனுவின் முதல் பத்தியிலேயே இதைக் குறிப்பிடுங்கள்.

கை சரியானதும் அப்பா மறுபடி நடக்கத் தொடங்குவார், நிறுத்தாதீர்கள், 71 வயதில் தினமும் நடக்கிறவரை வீட்டில் உட்கார வைப்பது வேறு நோய்க்கு வழி. ஆனால் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளட்டும். பிளாட்பாரம் இல்லாத ரோட்டில் வண்டி எதிரே வரும் பக்கமாக, அதாவது வலப்புறமாக நடக்கச் சொல்லுங்கள். நாம் சின்னப் பிள்ளையிலிருந்து 'இடதுபக்கமாப் போ' என்று கேட்டு வளர்ந்தவர்கள், அது வண்டிக்குச் சொன்னது. இடதுபக்கம் நடந்தால் இடிக்கப்போகும் வண்டி முதுகுப் பக்கம் வரும், பார்க்கவே முடியாது. ஒருவழிப் பாதை என்றால் வலதா இடதா என்று யோசிக்காமல் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி நடந்தால் சரி. ஏழு மணிக்கு மேல் வெள்ளை வேட்டி சட்டை நல்லது, அது உங்கள் அப்பாவிடம் ஏற்கெனவே இருக்கும். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் பச்சை கட்டித் திருச்செந்தூர் ரோட்டில் ராத்திரி நடக்கிறவர்களின் பை முதுகில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அது ஒரு துண்டு வாங்கிக் குடைக் கம்பியிலோ பையிலோ ஒட்டிவிடுங்கள். பச்சையும் கருநீலமும் இருட்டில் கண்ணுக்கே தெரியாது, அந்தப் பாதயாத்திரைக் கூட்டமும் பெரும்பாலும் இடதுபக்கம், அதுவும் நாலு பேர் அகலத்துக்குப் பேசிக்கொண்டு போகிறது, போலீஸ் சொல்லியும் கேட்பதில்லை.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்த பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலேயே ரோட்டைக் கடக்கும் வழக்கத்தை உங்கள் வீட்டில் எல்லாரும் விட வேண்டும். நிற்கும் பஸ்ஸுக்கு மறுபக்கம் ஓவர்டேக் எடுத்து வரும் வண்டிக்காரனுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவனைத் தெரியாது. பஸ் போகட்டும், ரோடு இரண்டு பக்கமும் திறந்து தெரியட்டும், அப்புறம் கடக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சாயங்காலம் பீடிக்கடைக்குத் தட்டோடு போகும் பெண்களும் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நாலுவழிச் சாலைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால், நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்காமல் சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை நடக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தூரம்தான், ஆனால் அங்கே வரும் வண்டியின் வேகம் ரதவீதி வேகம் இல்லை.

பையனின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். நஷ்டஈட்டை அவர்கள் வீட்டு நகையை விற்றுக் கட்டப்போவதில்லை, பைக்குக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்து, பையனுக்கு லைசென்ஸும் இருந்தால் கம்பெனிதான் கட்டும், அதற்காகத்தான் வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறார்கள். கிரிமினல் வழக்கு பையன் மேல் வரும், அதை மறைத்துப் பேச வேண்டாம். 125(பி)-யில் மூன்று வருடம் வரை என்று புத்தகத்தில் இருந்தாலும் இந்த மாதிரி முதல் தடவைக் கேஸ்கள் பெரும்பாலும் அபராதத்தோடு முடிவதைத்தான் நான் பார்க்கிறேன். இன்சூரன்ஸ், ஆர்.சி., லைசென்ஸ் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனி நமக்குக் கட்டிவிட்டு அவர்களிடம் வசூலிக்கப் பார்க்கும், இன்சூரன்ஸே இல்லையென்றால் வண்டிச் சொந்தக்காரர் கையிலிருந்துதான் வர வேண்டும், அப்போது வழக்கைக் கொண்டுபோகும் விதமே மாறும். ஆகவே அந்த மூன்று காகிதமும், ஏ.ஆர். காப்பியும், எக்ஸ்ரேயும், பில்களும் சேர்ந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள், செலவுக்குக் கஷ்டமாக இருந்தால் கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே கேளுங்கள். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் இந்தத் தடவை கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா.